‘அருள்மிகப் பெற்றவரே’, ‘கிருபை பெற்றவளே’: யார் மாற்றினார்கள்?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நீங்கள் பிறந்த வீடு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்), புகுந்த வீடு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை, புராட்டஸ்டன்ட்). மாதாவைப் பற்றிப் பேச்சு வந்தபோது உங்கள் மாமியார், “வேதத்தில் எங்கே இருக்கிறது, காட்டு” என்றார். நீங்கள் லூக்கா 1:28ஐக் காட்டினீர்கள். உங்கள் கையிலிருந்த திருவிவிலியத்தில் ‘அருள்மிகப் பெற்றவரே வாழ்க’ என்று இருந்தது. அவருடைய பைபிளில் ‘கிருபை பெற்றவளே, வாழ்க’ என்று இருந்தது. யார் மாற்றினார்கள், மாதாவைப் பற்றிய போதனைகளுக்கு பைபிளில் ஆதாரம் உண்டா இல்லையா என்று கேட்டிருக்கிறீர்கள். கடைசி வரியில், வீட்டில் செபமாலை சொல்வது பைபிளுக்கு விரோதமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உங்களை உண்மையில் வருத்துவது அந்தக் கடைசி வரிதான் என்று எனக்குப் படுகிறது. அதற்கும் வருகிறேன்.

நான் சி.எஸ்.ஐ.யில் பிறந்து வளர்ந்தவன். இருபது வருடங்களுக்கு மேல் புதிய ஏற்பாட்டுக் கிரேக்கம் கற்றுக்கொடுத்திருக்கிறேன். என் வகுப்பில் கத்தோலிக்கக் குருமாணவர்களும் கன்னியர்களும் உட்கார்ந்திருக்கிறார்கள். மூலமொழியில் என்ன இருக்கிறது என்பதை ஓரளவு உறுதியாகச் சொல்வேன். கத்தோலிக்க இறையியலில் முறையான பயிற்சி கிடையாது. வாசித்தும், நண்பர்களான குருக்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதுதான். என் வளர்ப்பு என்னை ஒரு பக்கம் சாய்க்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

முதல் கேள்விக்கு நேரான பதில்: யாரும் மாற்றவில்லை. கிரேக்கத்தில் அங்கே இருப்பது ஒரே ஒரு சொல், ‘கெகாரிதோமெனே’. ‘காரிஸ்’ என்றால் அருள், கிருபை, தயவு. அதிலிருந்து பிறந்த வினையின் எச்சம் இது. ‘அருள் செய்யப்பட்டவள்’ என்று சொல்லுக்குச் சொல் வைக்கலாம். ஆனால் கிரேக்கத்தில் இந்த வடிவத்துக்கு ஒரு சாயல் உண்டு: செயல் முன்பே நடந்து முடிந்தது, அதன் விளைவு இன்னும் நிற்கிறது. ‘விளக்கேற்றப்பட்ட வீடு’ என்று சொன்னால் ஏற்றியது எப்போதோ, வெளிச்சம் இப்போதும் இருக்கிறது அல்லவா, அதுபோல. ‘கிருபை பெற்றவளே’ என்பது சொல்லின் அடிப்படைப் பொருளைச் சொல்லி நிறுத்திக்கொள்கிறது. ‘அருள்மிகப் பெற்றவரே’ என்பது அந்தச் சாயலையும் பிடிக்கப் பார்க்கிறது. இரண்டுமே நேர்மையான மொழிபெயர்ப்புகள். இன்னொன்று, உங்கள் கையிலிருக்கும் திருவிவிலியம், அதாவது பொது மொழிபெயர்ப்பு, கத்தோலிக்கர் மட்டும் செய்ததில்லை. இரு பக்கத்தாரும் சேர்ந்து உழைத்து 1995இல் வெளிவந்தது அது.

நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கமான ‘அருள் நிறைந்த மரியே’ லத்தீன் வழியாக வந்தது. பண்டைய திருச்சபை அறிஞர் எரோணிமுஸ் உருவாக்கிய லத்தீன் பைபிளில் அந்த இடத்தில் ‘கிராத்தியா ப்ளேனா’, அதாவது ‘அருளால் நிறைந்தவள்’ என்று இருக்கிறது. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய லூத்தருக்கு இது பிடிக்கவில்லை. 1530இல் மொழிபெயர்ப்பைப் பற்றி எழுதிய கடிதத்தில், ‘நிறைந்தவள்’ என்றால் ஜெர்மானியனுக்கு பீர் நிறைந்த பீப்பாயும் பணம் நிறைந்த பையும்தான் ஞாபகம் வரும் என்று கேட்டார். மனதில் பட்டபடி எழுதினால் ‘அன்பான மரியாளே’ என்றே எழுதியிருப்பேன் என்றார். மரியாவின் மேல் வெறுப்பில் அவர் இதைச் சொல்லவில்லை என்பதை உங்கள் மாமியாரும் தெரிந்துகொள்ள வேண்டும். மரியாவின் பாடலுக்கு 1521இல் விளக்கவுரை எழுதியவர் அவர். மரியா வாழ்நாள் முழுதும் கன்னியாகவே இருந்தார் என்றும் நம்பினார்.

அந்த ஒரு சொல் எவ்வளவு பாரம் தாங்கும்? சண்டை முழுக்க இங்கேதான். வானதூதர் வருவதற்கு முன்பே மரியாவுக்குள் கடவுளின் அருள் வேலை செய்திருக்கிறது, அவரைப் பெயர் சொல்லாமல் அந்த அருளையே பெயராக வைத்து அழைக்கிறார் என்று கத்தோலிக்கர் சொல்வதை நான் ஏற்கிறேன்; இலக்கணம் இடம் கொடுக்கிறது. ஆனால் அந்த அருள் தாயின் வயிற்றில் கருவான நொடியிலிருந்தே இருந்ததா என்பதை அந்தச் சொல் சொல்லவில்லை. இதே வினையை எபேசியர் 1:6இல் பவுல் எல்லா விசுவாசிகளுக்கும் பயன்படுத்துகிறார். இதே எச்ச வடிவம், கத்தோலிக்கப் பழைய ஏற்பாட்டில் உள்ள சீராக்கின் ஞானம் நூலின் கிரேக்க வடிவில் 18:17இல் வருகிறது. அங்கே அது இனிய குணமுள்ள ஒரு சாதாரண மனிதனைக் குறிக்கிறது. ‘அருள் நிறைந்த’ என்ற தொடர் கிரேக்கத்தில் அப்படியே வரும் இடங்கள் யோவான் 1:14ம் அப்போஸ்தலர் 6:8ம். முதலாவது இயேசுவைப் பற்றியது, இரண்டாவது ஸ்தேவானைப் பற்றியது.

உங்கள் பதிவில் நேராகக் கேட்காவிட்டாலும் வரிகளுக்கு நடுவே ஒரு வருத்தம் தெரிகிறது: அவர்கள் பைபிளில் மாதாவை ‘அவள்’, ‘நீ’ என்று எழுதியிருக்கிறார்களே என்று. பக்கத்தைப் புரட்டிப் பாருங்கள். அதே வசனத்தில் தேவதூதனுக்கும் ‘என்றான்’தான். யோசேப்பு ‘அவன்’, பேதுருவும் ‘அவன்’. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உருவான அந்த மொழிபெயர்ப்பில் ‘அவர்’ என்ற மரியாதை பெரும்பாலும் கடவுளுக்கும் இயேசுவுக்கும் ஒதுக்கிவைத்தது. கானா ஊர்க் கல்யாணத்தில் ‘ஸ்திரீயே, எனக்கும் உனக்கும் என்ன’ என்று வருவதும் மூலத்தைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றியதால் வந்த வறட்சி. கிரேக்கத்தில் ‘பெண்ணே’ என்று ஒரு மகன் தாயை அழைப்பது வழக்கமில்லை என்றாலும் அது ஏச்சு கிடையாது. சிலுவையிலிருந்து தாயை யோவானிடம் ஒப்படைக்கும்போதும் இயேசு அதே சொல்லைத்தான் சொல்கிறார். பொது மொழிபெயர்ப்பு அதை ‘அம்மா’ என்று மென்மையாக்கியது. தமிழ்க் காதுக்கு அது இதம். மூலத்தில் இருக்கும் விலகலை அது கொஞ்சம் மறைத்தும் விடுகிறது.

சரி, போதனைகளுக்கு வருவோம். இரண்டு வீட்டிலும் செய்யும் தவறு, மாதாவைப் பற்றிய எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘பைபிளில் இருக்கிறது’ அல்லது ‘இல்லை’ என்று சொல்வது. கத்தோலிக்கத் திருச்சபை விசுவாசக் கோட்பாடாகக் கற்பிப்பவை நான்கு: இறைவனின் தாய், முப்பொழுதும் கன்னி, அமல உற்பவம், விண்ணேற்பு. இவை நான்கும் பைபிள் வரிகளிலிருந்து ஒரே தூரத்தில் இல்லை. தனித்தனியாகத்தான் எடைபோட வேண்டும்.

‘இறைவனின் தாய்’ என்பதில் உங்களுக்கும் உங்கள் மாமியாருக்கும் சண்டையே இருக்கக்கூடாது. ‘என் ஆண்டவருடைய தாயார் என்னிடத்தில் வந்தது எனக்கு எதினால் கிடைத்தது’ என்று எலிசபெத்து கேட்பது அவருடைய பைபிளிலேயே லூக்கா 1:43இல் இருக்கிறது. 431இல் ஆயர்கள் கூடிய எபேசு சங்கம் இந்தப் பட்டத்தை உறுதிசெய்தபோது விவாதம் மரியாவைப் பற்றியதே இல்லை. அவர் பெற்ற பிள்ளை யார் என்பதுதான் கேள்வி: பிறந்த அந்த ஒருவரே கடவுளும் மனிதருமா, இல்லை கடவுள் குடியிருக்க வந்த ஒரு மனிதரா? லூத்தரன்களின் 1577ஆம் வருட விசுவாச அறிக்கையும் இந்தப் பட்டத்தை வெளிப்படையாக ஏற்கிறது. ‘தேவனுக்குத் தாய் உண்டா’ என்று நம் சபைகளில் சிலர் ஆவேசப்படும்போது, தங்கள் முன்னோர் ஏற்றுக்கொண்டதையே மறுக்கிறோம் என்பது அவர்களுக்குத் தெரிவதில்லை.

‘முப்பொழுதும் கன்னி’ இன்னும் சிக்கலானது, எனக்கு மிகவும் பிடித்த விவாதமும் இதுதான். இயேசு பிறக்கும்வரை மரியா கன்னி என்பதில் இரு தரப்பும் ஒன்று. அதற்கு அப்புறம்தான் பிரச்சினை. மத்தேயு 1:25 ‘குமாரனைப் பெறுமளவும் அவளை அறியாதிருந்து’ என்கிறது. ‘அளவும்’ என்றால் அதன்பின் அறிந்தான் என்றுதானே ஆகிறது என்பார்கள். ஆகாது. சவுலின் மகள் மீகாளுக்கு ‘மரணமடையும் நாள்மட்டும்’ பிள்ளை இல்லை என்று 2 சாமுவேல் 6:23 சொல்கிறது. செத்த பிறகு பெற்றாள் என்று யாரும் படிப்பதில்லை. இந்த வசனத்தை வைத்து வாதாடுவது வீண் என்று புராட்டஸ்டன்ட் சீர்திருத்தவாதி கால்வினே எழுதியிருக்கிறார். அதேபோல, அந்த வசனம் கன்னிமையை நிரூபிக்கவும் இல்லை. அது பேசுவது இயேசுவின் பிறப்பைப் பற்றி மட்டும்.

கடினமான இடம் மாற்கு 6:3. யாக்கோபு, யோசே, யூதா, சீமோன் என்று நான்கு சகோதரர்களின் பெயரும், சகோதரிகளும் அங்கே வருகிறார்கள். 383இல் எல்விதியுஸ் என்பவருக்கு எதிராக எழுதிய எரோணிமுஸ், இவர்கள் பெரியம்மா சித்தி வழிப் பிள்ளைகள் என்றார். தமிழர்களுக்கு இது உடனே புரியும். பெரியப்பா மகனை நாம் அண்ணன் என்கிறோம், சித்தி மகளைத் தங்கை என்கிறோம். கூடப் பிறந்தவரா என்று யாராவது துருவிக் கேட்டால்தான் பிரித்துச் சொல்வோம். எபிரேயத்திலும் அப்படியே. ஆபிரகாம் தன் அண்ணன் தம்பி வழி மகனான லோத்துவிடம் ‘நாம் சகோதரர்’ என்கிறார். வகுப்பில் இதைச் சொன்னதும் கத்தோலிக்க மாணவர்கள் முகம் மலரும். ஆனால் நம் உறவுமுறை நம்மை ஏமாற்றிவிடவும் கூடும் என்று உடனே சொல்லிவிடுவேன். நற்செய்திகள் எழுதப்பட்டது கிரேக்கத்தில். கிரேக்கத்தில் கூடப் பிறந்தவனுக்கு ‘அடெல்ஃபோஸ்’, பெரியப்பா சித்தப்பா அத்தை மாமா பிள்ளைகளுக்கு ‘அனெப்சியோஸ்’ என்று தனிச்சொல் உண்டு. கொலோசெயர் 4:10இல் மாற்குவுக்கும் பர்னபாவுக்கும் உள்ள உறவைச் சொல்லப் பவுல் அந்தச் சொல்லைத்தான் எடுக்கிறார். இயேசுவின் சகோதரர்களுக்கு எந்த நற்செய்தியாளரும் அதை எடுக்கவில்லை.

கத்தோலிக்கர் பக்கமும் ஒரு நல்ல சான்று இருக்கிறது. மாற்கு 15:40இல் சிலுவையைத் தூரத்தில் நின்று பார்க்கும் பெண்களில் ஒரு மரியா வருகிறார்: சின்ன யாக்கோபுக்கும் யோசேக்கும் தாய். அதே இரண்டு பெயர்கள்! இவர் இயேசுவின் தாயாக இருந்தால் மாற்கு இப்படிச் சுற்றிவளைத்துச் சொல்லியிருப்பாரா? ஆனால் யாக்கோபு, யோசே இரண்டும் அந்நாளில் தெருவுக்கு நான்கு பேர் வைத்திருந்த பெயர்கள். கிழக்கத்தியத் திருச்சபைகளுக்கு மூன்றாவது பதில் உண்டு: அவர்கள் யோசேப்பின் முதல் மனைவியின் பிள்ளைகள். இரண்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட ‘யாக்கோபின் முதல் நற்செய்தி’ என்ற நூலில் அந்தக் கதை வருகிறது. அது பைபிளில் சேராதது. கிரேக்கச் சொல்லை மட்டும் வைத்துக் கேட்டால் கூடப் பிறந்தவர்கள் என்பதே இயல்பான வாசிப்பு என்பேன். வேறு வாசிப்பே முடியாது என்று சொல்ல மாட்டேன். 1978இல் அமெரிக்கக் கத்தோலிக்க, லூத்தரன் அறிஞர்கள் சேர்ந்து புதிய ஏற்பாட்டில் மரியாவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார்கள். அவர்களும் புதிய ஏற்பாட்டை மட்டும் வைத்து இதைத் தீர்க்க முடியாது என்ற இடத்தில்தான் நின்றார்கள்.

அமல உற்பவத்தைப் பற்றி முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். இது இயேசு கன்னியிடம் பிறந்ததைப் பற்றிய போதனை இல்லை. மரியா தம் தாயின் வயிற்றில் கருவானபோதே, இயேசுவின் மீட்பின் பலனை முன்னிட்டு, ஜென்மப் பாவத்திலிருந்து காக்கப்பட்டார் என்பது. போப் ஒன்பதாம் பத்திநாதர் 1854 டிசம்பர் 8இல் இதைக் கோட்பாடாக அறிவித்தார். ஆதாரமாகக் காட்டப்படும் இடங்கள் லூக்கா 1:28ம் ஆதியாகமம் 3:15ம். உங்கள் பங்குக் கோவில் கெபியில் மாதாவின் காலடியில் பாம்பு நசுங்கிக் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பின்னால் இருப்பது ஒரு லத்தீன் எழுத்து வேறுபாடு. பாம்பின் தலையை நசுக்குவது யார் என்ற இடத்தில் லத்தீன் பைபிளில் ‘இப்ஸா’, அதாவது ‘அவள்’ என்று இருந்தது. எபிரேயத்தில் ஆண்பால், அது வித்தைக் குறிக்கிறது. பழைய கிரேக்க மொழிபெயர்ப்பிலும் ‘அவன்’தான். 1979இல் வத்திக்கான் வெளியிட்ட புதிய லத்தீன் பைபிள் அந்த ‘அவளை’ எடுத்துவிட்டது. உங்கள் திருவிவிலியமும் ‘அவள் வித்து’ என்றே சொல்கிறது. ஆகவே இந்த வசனத்தை மாமியாரிடம் காட்டாதீர்கள், நிற்காது.

அவர் பதிலுக்கு லூக்கா 1:47ஐக் காட்டுவார்: ‘என் ஆவி என் இரட்சகராகிய தேவனில் களிகூருகிறது.’ பாவமில்லாதவருக்கு இரட்சகர் எதற்கு? கேள்வி நியாயமானது, ஆனால் இதுவும் வெல்லாது. குழியில் விழுந்தவனைத் தூக்குவதும் காப்பாற்றுவதுதான், விழுமுன் கையைப் பிடித்து இழுப்பதும் காப்பாற்றுவதுதான். மத்திய காலத்தில் டன்ஸ் ஸ்கோட்டஸ் என்ற இறையியலாளர் வளர்த்தெடுத்த வாதத்தின் சாரம் இது. அவருக்கு முன்னே புனித பெர்நார்து இந்தப் போதனையை எதிர்த்தார். தாமஸ் அக்குவினாஸும் இதை ஏற்கவில்லை. இருவரும் கத்தோலிக்கத் திருச்சபையின் மறைவல்லுநர்கள். அவ்வளவு பெரியவர்களுக்கே வசனத்தில் தெளிவாகத் தெரியாத ஒன்று உங்கள் மாமியாருக்குத் தெரியவில்லை என்றால், அதைப் பிடிவாதம் என்று நினைக்க வேண்டாம்.

விண்ணேற்பை, அதாவது மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்ற போதனையை, சுருக்கமாகச் சொல்கிறேன். மரியாவின் கடைசி நாட்களைப் பற்றி பைபிளில் ஒரு வரியும் இல்லை. நான்காம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எப்பிபானியுஸ் என்ற ஆயர், அவருடைய முடிவை யாரும் அறியார் என்று எழுதினார். திருவெளிப்பாடு 12இல் சூரியனை ஆடையாக அணிந்த பெண் வருகிறார். அவரை மரியாவாக வாசிக்க இடமுண்டு, பிள்ளையைப் பெறுகிறாரே. ஆனால் பன்னிரண்டு நட்சத்திரமும் பாலைவன ஓட்டமும் இஸ்ரயேலையும் திருச்சபையையும் காட்டுகின்றன. 1950 நவம்பர் 1இல் இதைக் கோட்பாடாக அறிவித்த போப் பன்னிரண்டாம் பத்திநாதரும் ‘இதோ வசனம்’ என்று ஒன்றை நீட்டவில்லை. தாயும் மகனும் பிரியாமல் இணைந்திருப்பதாக பைபிள் காட்டுகிறது என்பதையும், உலகம் முழுதும் திருச்சபை இதை நம்பி வந்திருக்கிறது என்பதையுமே அடிப்படையாக வைத்தார். அறிவிக்கும் முன், 1946இல், எல்லா ஆயர்களிடமும் உங்கள் மக்கள் இதை நம்புகிறார்களா என்று கடிதம் எழுதிக் கேட்டார்.

அந்தக் கடிதத்தில்தான் இரண்டு வீட்டுக்கும் உள்ள உண்மையான வித்தியாசம் இருக்கிறது. மாமியாருக்கு ‘ஆதாரம்’ என்றால் வசனம். திருச்சபை தலைமுறை தலைமுறையாக ஜெபித்தது, கொண்டாடியது, நம்பியது ஆகியவையும் ஆவியானவர் நடத்தியதே என்பதால் உங்கள் திருச்சபைக்கு அவையும் ஆதாரம். வேதத்தையும் மரபையும் சம பக்தியோடு ஏற்பதாகத் திரெந்து சங்கம் 1546இல் சொன்னது. ‘எங்கே எழுதியிருக்கிறது’ என்ற கேள்விக்குள் நுழைந்துவிட்டால், பின்னிரண்டு போதனைகளுக்கும் நீங்கள் வசனத்தைத் தேடித் தேடிக் களைத்துப்போவீர்கள். என் பக்கத்தாருக்கும் ஒரு கேள்வி உண்டு. புதிய ஏற்பாட்டில் இருபத்தேழு புத்தகம் என்ற பட்டியல் எந்த வசனத்தில் இருக்கிறது? அதையும் திருச்சபையின் கையிலிருந்துதான் வாங்கிக்கொண்டோம். இந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில்கள் உண்டு. அவை நாங்கள் நினைக்கிற அளவு சுலபமானவை கிடையாது.

இனி செபமாலை. அதில் திரும்பத் திரும்பச் சொல்லும் ‘மங்கள வார்த்தை’ ஜெபத்தை நடுவில் வெட்டிப் பாருங்கள். ‘அருள் நிறைந்த மரியே வாழ்க, கர்த்தர் உம்முடனே’ என்பது லூக்கா 1:28. ‘பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவர் நீரே’ என்பதும் ‘திருவயிற்றின் கனி’யும் 1:42, எலிசபெத்து பரிசுத்த ஆவியால் நிறைந்து சொன்னவை. மரியா என்ற பெயரும் இயேசு என்ற பெயரும் மட்டும் சேர்க்கப்பட்டவை. அதுவரை உங்கள் மாமியாரின் பைபிளிலும் இருக்கிறது. ‘அர்ச்சிஷ்ட மரியாயே, சர்வேசுரனுடைய மாதாவே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்’ என்ற பின்பாதி திருச்சபை சேர்த்தது. இன்றைய வடிவில் 1568இல் உரோமைக் கட்டளைச் செபநூலில் நிலைபெற்றது. அதிலும் ‘மாதாவே’ வரைக்கும் எபேசு சங்கம் துணை. மிஞ்சுவது ‘வேண்டிக்கொள்ளும்’ என்ற ஒரு சொல்.

அங்கே மாமியார் 1 தீமோத்தேயு 2:5ஐக் காட்டுவார்: ‘தேவனுக்கும் மனுஷருக்கும் மத்தியஸ்தரும் ஒருவரே.’ காட்ட வேண்டியதுதான், நானும் அங்கேதான் நிற்கிறேன். இறந்துபோன அடியார்களிடம் வேண்டச் சொல்லும் வசனம் எனக்கு அகப்படவில்லை. கத்தோலிக்கர் பதில் இது: ஒருவருக்கொருவர் ஜெபிக்கச் சொல்கிறோம், அதனால் கிறிஸ்துவின் இடம் குறைவதில்லை, சாவு அந்த உறவை அறுப்பதில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கமும் கிறிஸ்துவின் ஒரே மத்தியஸ்தத்தைத்தான் முன்னே வைத்தது. மரியாவுக்குத் தனி ஏடு வேண்டுமா, திருச்சபையைப் பற்றிய ஏட்டுக்குள்ளேயே வைக்கலாமா என்று 1963 அக்டோபர் 29இல் ஆயர்கள் வாக்களித்தபோது, உள்ளே வைப்பதற்கு 1,114, தனியாக வைப்பதற்கு 1,074. நாற்பது வாக்கு வித்தியாசம்! இது அவர்களுக்குள்ளேயே எவ்வளவு கவனமாகப் பேசப்படும் விஷயம் என்பதற்கு அது போதும். 2025 நவம்பரில் வத்திக்கான், மரியாவை ‘இணை மீட்பர்’ என்று அழைப்பது பொருத்தமில்லை என்று சொல்லியிருக்கிறது.

ஆகவே வீட்டில் செபமாலையை ஒளித்துவைக்க வேண்டியதில்லை. மாமியார் சம்மதித்தால் ஒரு நாள் சாயங்காலம் இருவரும் லூக்கா முதல் அதிகாரத்தை, அவர் பைபிளிலிருந்தே, 26ஆம் வசனத்திலிருந்து 56 வரை மாறி மாறி வாசியுங்கள். ‘எல்லாச் சந்ததிகளும் என்னைப் பாக்கியவதி என்பார்கள்’ என்பதை அவரையே வாசிக்கச் சொல்லுங்கள். அப்புறம் அவர் லூக்கா 11:28ஐப் புரட்டி, தேவனுடைய வார்த்தையைக் கேட்டுக் காத்துக்கொள்ளுகிறவர்களே அதிக பாக்கியவான்கள் என்று இயேசு சொன்னதைக் காட்டினால், அதை நீங்கள் வாசியுங்கள். ‘வேண்டிக்கொள்ளும்’ என்ற சொல்லில் அவர் உங்களோடு சேர மாட்டார். அந்த இடத்தில் அவர் மௌனமாக இருக்கட்டும், நீங்கள் சொல்லி முடியுங்கள்.